உறவில்லாத காயம்

ரோஜாவுக்கு ஒரு காயம் வேண்டியிருந்தது. தன் உடம்பில் அல்ல, அது செல்லாது. அடுத்தவர் உடம்பில், புதிதாக, இரத்தம் வருகிற மாதிரி, வெள்ளிக்கிழமை மாலைக்குள். தன் ஊரான பெருமுக்கல்லில் இருந்து திண்டிவனம் வருகிற பஸ்ஸில் ஏறுகிறவர்களை எல்லாம் கை, கால், முகம் என்று உற்று உற்றுப் பார்க்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியவரைக் கண்டால் அவள் முகம் மலரும். பழைய பிளாஸ்திரி என்று தெரிந்ததும் வாடிப்போகும். பதினேழு வயதுப் பெண்ணுக்கு இது நல்ல பழக்கமா என்று கேட்டால், இல்லைதான். அவளை அப்படி ஆக்கியது உயர்கல்வி.

அவள் படிக்கும் திண்டிவனத்து மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு உண்டு. அறிவியல் குரூப் கேட்டுக் கிடைக்காதவர்களும், கேட்கவே தெரியாதவர்களும் அங்கேதான் போய்ச் சேருவார்கள். ரோஜா கேட்கத் தெரியாதவள். செவிலியம் என்று எழுதிக் கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டாள். பிளஸ் டூ வருவதற்குள் கட்டுப் போடுவதையும் காய்ச்சல் பார்ப்பதையும் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்பதையும் பிரபாவதி டீச்சரிடம் சுத்தமாகக் கற்றுக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால் யாருக்கும் ஒரு பேஜாரும் இல்லை. ஆனால் விழுப்புரத்தில் ஒரு கல்லூரிக்கு இந்தப் பிள்ளைகள் மேல் திடீரென்று அக்கறை பொங்கிவிட்டது.

அக்கறையின் பெயர் முன்வரவுத் திட்டம். பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரியின் கிரெடிட்டைச் சம்பாதிக்கலாம். பன்னிரண்டு கிரெடிட் சேர்ந்துவிட்டால் நர்சிங் படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டு, சீட் நிச்சயம். திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் முனைவர் ராஜவேலு தொடக்க விழாவுக்கு வந்து மைக்கைப் பிடித்தார்.

“மாணவச் செல்வங்களே! உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை. தகுதி வருவதற்கு முன்பே தகுதியைத் தந்துவிடுவது என்று எங்கள் நிர்வாகம் பெருந்தன்மையோடு முடிவு செய்திருக்கிறது. இதனால் எங்களுக்கு என்ன பயன் என்று உங்களில் சிலர் கேட்கலாம். பயனை எதிர்பார்த்துக் கற்பது கல்விக்கே இழுக்கு! கல்லூரிக்குப் பயன் உண்டு. தரவரிசையில் மேலே போவோம். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். அதற்கு ஒரு கிரெடிட் கிடைத்தது. ‘விழாப் பங்கேற்பு.’

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள் ரோஜா. கல்லூரியைச் சுற்றி வந்ததற்கு ஒரு கிரெடிட், ‘வளாக உணர்வு’. கேன்டீனுக்கு வெளியே வரிசையில் நின்றதற்கு ஒன்று, ‘பொறுமை மேலாண்மை’. உள்ளே விடவில்லை, பள்ளி மாணவிகளுக்கு அனுமதி கிடையாதாம். நூலகத்தின் பூட்டிய கதவை ஓவியமாக வரைந்ததற்கு ஒன்று. இப்படியே பதினொன்று சேர்ந்தது. இவ்வளவுக்கும் ஒரு நாள்கூட யாரும் அவள் கையில் ஒரு பஞ்சைக் கொடுத்து இதை எப்படிப் பிடிப்பாய் என்று கேட்கவில்லை. கடைசி கிரெடிட் ஒன்றுதான் அவள் படிப்போடு சம்பந்தப்பட்டது. காயப் பராமரிப்பு. அடுத்தவரின் புதுக் காயத்துக்குக் கட்டுப்போட்டு ராஜவேலுவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதில்தான் வந்து மாட்டிக்கொண்டாள்.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். அம்மா சவுரியம்மாள் ஒளிவுமறைவாகப் பேசுகிற ஆள் இல்லை.

“பாரு ரோஜா, சீட்டு கெடச்சா படி. நான் குறுக்க நிக்கல. இல்லன்னா ஒரகடம் பக்கம் கம்பெனிக்கு ஆள் எடுத்துக்கினு இருக்காங்க, வேன்காரன்கிட்ட சொல்லி வச்சிட்டேன். உங்க அப்பன் மாதிரி கல்லுக்குவாரில பொடிய தின்னுக்கினு சாவ உன்னை வுட மாட்டேன்.”

அந்த வேனில் போன பெண்கள் யாரும் திரும்பிவந்து படித்ததில்லை. அந்த வெள்ளை வேன் தெருவுக்குள் வந்தாலே ரோஜா புத்தகத்தை எடுத்து விரித்துக்கொள்வாள்.

முதலில் நியாயமான வழியில்தான் போனாள். ஆஸ்பத்திரியில் இல்லாத காயமா? வாசலில் நின்ற வாட்ச்மேன், “ஸ்கூலா, காலேஜா?” என்று கேட்டார்.

“ரெண்டும்தாங்க.”

“ரெண்டுங்கெட்டானை உள்ள வுடக் கூடாதும்மா. ஜல்தி நவுரு, ஆம்புலன்ஸ் வருது.”

ஆம்புலன்ஸ் அவளைத் தாண்டிப் போயிற்று. உள்ளே யாரோ அலறிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு அருமையான காயமோ என்று ஏங்கியபடி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

காயம் ஊரிலேயே கிடைத்தது. குவாரியில் வெடி வைத்தபோது தெறித்த கல் ஒன்று பக்கத்து வீட்டு அலெக்ஸின் முழங்காலுக்குக் கீழே பாய்ந்து, தோலை வாழைப்பழம் உரித்த மாதிரி உரித்துவிட்டது. ரோஜா ஓடிப்போய்க் கழுவினாள், அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்தினாள், கட்டினாள். கட்டி முடித்ததும்தான் நினைவு வந்தது. கையெழுத்து! நொண்டிக்கொண்டிருந்தவரை ஆட்டோவில் போட்டு, பஸ்ஸில் ஏற்றி, விழுப்புரம் கொண்டுபோய் ராஜவேலுவின் அறையில் நிறுத்தினாள். பஸ் குலுக்கியதில் கட்டு நனைந்து, வழுவழுப்பான டைல்ஸ் தரையில் இரத்தம் சொட்டியது. ராஜவேலு தன் காலணியை உள்ளே இழுத்துக்கொண்டு கேட்டார்.

“நல்ல காயம். யார் இவர்?”

“அலெக்ஸ் மாமாங்க சார்.”

அவ்வளவுதான், பேனாவை மூடிவிட்டார். “மாமா என்றால் உறவு. உறவினர் காயம் செல்லாது.”

“ஐயோ சார், நான் இவளுக்கு மாமன் இல்லீங்க” என்று அலெக்ஸ் பதறினார். “பக்கத்து ஊடு.”

“பிறகு ஏன் மாமா என்றாள்?”

“வேற இன்னான்னு கூப்புடுவா? பேரு சொல்லி கூப்புட்டா அவங்க அம்மா தொடப்பக்கட்டையாலயே சாத்துவா.”

“தெருவில் இருக்கிற மற்றவர்களை?”

ரோஜா யோசித்துப் பார்த்தாள். எதிர்வீடு சித்தப்பா. அதற்கு அடுத்தது பெரியப்பா. கோயில் பக்கம் முழுக்க அண்ணன், தம்பி. ஊரில் அவள் பேர் சொல்லிக் கூப்பிடுவது ஆட்டுக்குட்டியை மட்டும்தான். அதையே சொன்னாள்.

ராஜவேலு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இதுதான் உங்கள் பிரச்சினை. உங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒன்று. காயத்தில் பாசம் கலந்துவிடுகிறது. பாசம் கலந்த காயத்தை எந்த அளவுகோலால் மதிப்பிடுவேன்? இங்கே பார். நான் உனக்கு யாருமில்லை. நீ எனக்கு யாருமில்லை. இதற்குப் பெயர்தான் உயர்கல்வி. இந்தத் தரையைத் துடைக்க யாரையாவது வரச்சொல்லிவிட்டுப் போ.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அலெக்ஸ் அவளைப் பார்க்கவே கூசினார். “எம்மா, நான் வாயத் தொறக்காம இருந்திருக்கணும்” என்றார். உண்மையில் ‘மாமா’ என்று வாயைத் திறந்தது ரோஜா. அவளுக்குத் தன் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது. ஆனால் அது சுயகாயம், அதுவும் செல்லாது.

சுயகாயம் செல்லாது என்பது அவள் பெஞ்சுத் தோழி கலைப்பிரியாவின் புண்ணியத்தில் தெரிந்தது. அவள் கழிவறைக் கதவில் தன் விரலை வைத்து இழுத்துச் சாத்திக்கொண்டு, நகம் தொங்கத் தொங்க, தானே கட்டுப்போட்டுக்கொண்டு போய் நின்றாள். “சுயகாயம் என்பது சுயநலம்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார் ராஜவேலு.

அதற்குள் வகுப்பே வெறிபிடித்துத் திரிய ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் மதியம் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஒருவர் பைக்கில் இருந்து சறுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வதற்குள் செவிலியப் பிரிவே அவர்மேல் பாய்ந்துவிட்டது.

“வுடுடி, நான்தான் மொதல்ல பாத்தேன்!”

“காலு எனக்கு! காலை வுடு!”

இடது கையைக் கலைப்பிரியா இழுத்தாள், வலது காலைக் கவிதா இழுத்தாள், சட்டைக் காலரை ரோஜா பிடித்தாள். அந்த மனிதர் ‘ஐயோ அம்மா’ என்றார். அம்மா என்று சொல்லாதீங்க என்று நாலு பேர் அவர் வாயைப் பொத்தினார்கள். கலைப்பிரியா ரோஜாவின் மணிக்கட்டைக் கடித்தாள். ரோஜா அவள் பின்னலைப் பிடித்து இழுத்து அறைந்தாள். போலீஸ்காரர் வந்து பிரித்துவிட்டபோது அந்த மனிதருக்கு நான்கு காயங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று மட்டுமே விபத்தில் ஏற்பட்டது. பைக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடியவர், அதை எடுக்க வரவே இல்லை.

அன்று சாயந்திரம் பள்ளிக் குழாயடியில் கலைப்பிரியாவும் ரோஜாவும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள். “நாம ஏண்டி இப்பிடி ஆயிட்டோம்?” என்றாள் கலைப்பிரியா. பல்தடம் பதிந்த மணிக்கட்டை ரோஜா தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள்.

சங்கதி ராஜவேலுவின் காதுக்குப் போயிற்று. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். அவர் அதில் ஆர்வத்தைக் கண்டார், ஆர்வத்தில் ஒரு திட்டத்தைக் கண்டார். பிரபாவதி டீச்சரைக் கூப்பிட்டு விளக்கினார். செவிலிய மாணவிகளுக்குக் காயம் இல்லை. தற்காப்புக் கலை எடுத்த சிலம்ப மாணவர்களுக்கோ ‘வெற்றிகரமான தாக்குதல்’ என்ற கிரெடிட் நிலுவையில் இருக்கிறது, அடிக்க ஆள் இல்லை. வேளாண் பிரிவு மாணவர்களுக்கு ‘சமூகப் பங்களிப்பு’ பாக்கி.

“சமூகப் பங்களிப்புன்னா?” என்று கேட்டார் டீச்சர்.

“அடி வாங்குவது. சமூகத்துக்கு அதைவிடப் பெரிய பங்களிப்பு எது? ஒரே மைதானம், ஒரே மாலை, மூன்று துறைக்கும் கிரெடிட். இதைத்தான் கூட்டுக் கற்றல் என்கிறோம்.”

“புள்ளைங்க மண்டை ஒடைஞ்சிடும் சார்.”

“உடையட்டும் மேடம். கட்டத்தானே உங்கள் பெண்கள் இருக்கிறார்கள்?”

டீச்சர் எழுந்து வந்துவிட்டார். மறுநாளே அவருக்கு ‘ஒத்துழையாமை’ என்று ஒரு குறிப்பாணை வந்தது.

வெள்ளிக்கிழமை விழுப்புரம் கல்லூரி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் தரமதிப்பீட்டுக் குழு பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தது. வன்முறையற்ற வளாகம் என்பதற்காக அந்தக் கல்லூரிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பித்தளை, நல்ல கனம். ராஜவேலு அதை மார்போடு அணைத்துக்கொண்டு மைக்கில் அறிவித்தார்: “தொடங்கலாம். இரத்தம் வரும்படி அடிக்கவும்.”

ஆனால் சிலம்பப் பையன்கள் நன்றாகப் படித்தவர்கள். வேளாண் பையன்கள் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்ததும் அவர்களை அடிக்கக் கை வராமல், தங்களுக்குள்ளேயே ஒருவர் அடிக்க ஒருவர் தடுத்துக்கொண்டிருந்தார்கள். டக்டக்கென்று கம்பும் கம்பும் மோதியதே தவிர ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. தடுப்பது இன்று முதல் ரத்து என்று ராஜவேலு மைக்கிலேயே திருத்தம் கொண்டுவந்தார். பையன்களின் தலைவன் இனியவன் கம்பைக் கீழே போட்டான்.

“சார், எங்களுக்குத் தடுக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க. கும்புட்டுக்கினு நிக்கறவனை அடிக்கச் சொல்லி எந்த வாத்தியாரும் சொல்லலீங்க.”

“பூஜ்யம்! வெளியே போ!”

இனியவன் போய்விட்டான். கம்பு கிடந்தது. பூஜ்யம் என்ற சொல்லைக் கேட்டதும் மற்றவர்கள் கம்பை இறுக்கிப் பிடித்தார்கள். ஒவ்வொருவன் வீட்டிலும் ஏதோ ஒரு வேன் காத்திருக்கிறது அல்லவா? முதல் அடி ஒரு பையனின் தோளில் விழுந்து எலும்பு முறியும் சத்தம் மேடைவரைக்கும் கேட்டது. குழுத் தலைவர், “உயிருள்ள பாடத்திட்டம்!” என்று கை தட்டினார்.

வேளாண் பையன்கள் முதலில் பங்களிப்பாகத்தான் வாங்கினார்கள். பத்து நிமிடம் போல வாங்கினார்கள். பிறகு செய்முறைத் தேர்வுக்கென்று கொண்டுவந்து ஓரமாக வைத்திருந்த மண்வெட்டிகள் அவர்கள் கண்ணில் பட்டன. அதன்பிறகு யார் யாரை எதற்காக அடித்தார்கள் என்பதை எந்தத் துறையும் சொல்ல முடியாது. மூக்கு உடைந்தது, பல் தெறித்தது. ஒருவன் காது பாதி தொங்க ஓடினான், அந்தக் காதுக்காக இரண்டு பெண்கள் அவனைத் துரத்தினார்கள். பந்தல் கால் சரிந்தது. கட்டுத்துணியைப் பிடுங்கிக்கொள்ள பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பிறாண்டினார்கள். கவிதா தான் கட்டிக்கொண்டிருந்த கை ஓடிவிடாமல் இருக்க அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

ரோஜா புழுதிக்குள் புகுந்து ஒருவனைப் பிடித்துவிட்டாள். தேவா என்று பெயர், கோலியனூர்ப் பையன். புருவத்துக்குமேல் இரண்டு விரல் நீளத்துக்குப் பிளந்து கண்ணெல்லாம் இரத்தம். முன்பின் தெரியாதவன். கடவுளே என்று சொல்லிக்கொண்டே துடைத்து, அழுத்தி, அழகாகக் கட்டினாள். ராஜவேலு பேனாவோடு பக்கத்திலேயே வந்து நின்றார். முடிச்சுப் போட்டாகிவிட்டது. தேவா தட்டுத்தடுமாறி எழுந்து நின்றான்.

“ரொம்ப டேங்க்ஸுக்கா.”

“அக்கா என்றான்!” என்றார் ராஜவேலு. “உறவு.”

“சார்! இவனை எனக்குத் தெரியவே தெரியாது சார்!”

“அவனுக்குத் தெரிந்திருக்கிறதே?”

அவர் அடுத்த காயத்தைப் பார்க்கத் திரும்பினார். அந்த நேரத்தில் அவர் கையில் இருந்த கேடயத்தை யாரோ பிடுங்கினார்கள். எந்தத் துறை என்று தெரியவில்லை. வன்முறையற்ற வளாகம் அவர் நடுமண்டையில் ஒரு முறை இறங்கியது. மரம் சாய்வதுபோல் சாய்ந்தார். மேடையில் இருந்த குழு காரில் ஏறிக் கிளம்பிவிட்டது. போலீஸ் வேன் சத்தம் கேட்டதும் மைதானம் மொத்தமும் சுவரேறிக் குதித்து ஓடிவிட்டது. காயம் எல்லாம் போய்விட்டது. வந்த போலீஸ்காரர்களும் ஓடுகிறவர்களைத் துரத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

ரோஜா மட்டும் நின்றாள். பிறகு குனிந்தாள். அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, மூச்சு பார்த்து, நாடி பார்த்து, முடியை விலக்கிக் காயத்தைக் கழுவினாள். பிளவு ஆழமில்லை. தலையைச் சுற்றி அவள் போட்ட கட்டு, பாடப் புத்தகத்துப் படம்கூட அப்படி இருக்காது. இருட்டத் தொடங்கும் நேரத்தில் ராஜவேலு கண் திறந்தார்.

“சார், புதுக் காயம் சார். ரத்தம் வந்திச்சி. நீங்க எனக்கு உறவும் இல்ல. கையெழுத்து போடுங்க சார்.”

அவர் தலையைத் தடவிப் பார்த்தார். “பிரமாதமான கட்டு. ஆனால் நான் மயக்கத்தில் இருந்தேனே? மேற்பார்வையாளர் முழு நினைவோடு நேரில் பார்த்திருக்க வேண்டும். நீ செய்ததை நான் பார்க்கவில்லை.”

“இப்பவே அவுத்துட்டு திருப்பிக் கட்டறேன் சார். பாத்துக்கோங்க.”

“அப்படியென்றால் அது ஏற்கெனவே கட்டிய காயம். புதிதாக இருக்க வேண்டும்.” அவர் கெட்டவர் இல்லை, குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. இன்றோடு கடைசி நாள் வேறு.”

போன் அடித்தது. அம்மா.

“ரோஜா, இன்னாடி ஆச்சி? வேன்காரன் வந்து குந்திக்கினு இருக்கான். உன் துணியெல்லாம் பையில வச்சிட்டேன். அவன்கிட்ட நான் இன்னா சொல்றது?”

“கொஞ்சம் இருக்கச் சொல்லும்மா. இதோ முடிஞ்சிடும்.”

போனைப் பைக்குள் வைத்தாள். ஒரு மாதமாக நெஞ்சுக்குள் கிடந்த கோபம் கைக்கு இறங்கிவந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒற்றைச் செருப்புகள், உடைந்த மண்வெட்டிக் காம்பு, கேடயம். சற்றுத் தள்ளி இனியவன் போட்டுவிட்டுப் போன கம்பு, யாரையும் அடிக்காத கம்பு. அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“புதுசா இருக்கணும். அவ்ளோதான சார்?”

ராஜவேலுவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார். இத்தனை மாதத்தில் முதன்முறையாக அவர் வாயில் இருந்து மேடைத் தமிழ் போய்விட்டது.

“ரோஜா, வேணாம்மா. நான் உனக்கு அப்பா மாதிரிம்மா!”

“இல்லீங்க சார்” என்றாள் ரோஜா, மரியாதையாக. “நீங்க எனக்கு யாருமில்ல. நான் உங்களுக்கு யாருமில்ல. அதான் ஒயர்கல்வின்னு நீங்கதான சொன்னீங்க? கண்ண மூடாம பாத்துக்கினே இருங்க.”

கையெழுத்துக்கு வலது கை வேண்டும். அதனால் அலெக்ஸ் மாமாவுக்கு அடிபட்ட அதே இடத்தை, முழங்காலுக்குக் கீழே, எலும்பு முறியாமல் தோல் மட்டும் கிழிகிற இடமாகப் பார்த்து ஓங்கினாள். பிரபாவதி டீச்சர் எலும்புப் பாடத்தை நன்றாகத்தான் நடத்தியிருந்தார்.

காயம் புதிதாக இருந்தது. இரத்தம் வந்தது. மேற்பார்வையாளர் முழு நினைவோடு இருந்தார், மைதானத்துக்கு வெளியே ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நினைவோடு இருந்தார். ரோஜா மண்டியிட்டு, கழுவி, அழுத்தி, நிதானமாகக் கட்டி முடித்தாள். பிறகு அவர் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினாள்.